ஜூலியா சைல்டின் ‘மை லைஃப் இன் ஃபிரான்ஸ்’: சமைத்துக்கொண்டே வாசிக்க எங்கிருந்து தொடங்குவது?

மாலைவாசகி:

அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டின் பிரான்ஸ் நினைவுக் குறிப்புகளில் பாதியைத் தாண்டியாயிற்று. 1948 நவம்பர் 3 அன்று கப்பலில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கி, நீல பியூக் காரில் பாரிசுக்குப் போகும் வழியில் ரூவான் நகரின் லா கூரோன் உணவகத்தில் சாப்பிட்ட அந்த முதல் மதிய உணவு, ரூ த லுனிவெர்சிதே 81ஆம் எண் வீட்டின் மேல்மாடிச் சமையலறை, லெ கொர்டான் ப்ளூ பள்ளி, அங்கே முதல் தேர்வில் தோற்றது வரைக்கும் வந்துவிட்டேன். வாசிக்க வாசிக்கப் பசிக்கிறது. ஆனால் புத்தகத்தில் செய்முறை என்று தனியாக எதுவும் இல்லை. சாப்பிட்டதை நாக்கில் நிற்கிற மாதிரி எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

கையோடு சமைத்துப் பார்த்துக்கொண்டே மீதியை வாசிக்க ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

ஒன்று, அந்த முதல் மதிய உணவில் வந்த சோல் முனியேர் என்கிற வெண்ணெயில் வறுத்த மீன். மேல் மாவு கழன்று தவாவிலேயே தங்கிவிடுகிறது, வெண்ணெய் கருகிக் கசக்கிறது. இரண்டு, பெர் பிளாங் என்கிற வெண்ணெய்ச் சாஸ். கடைசி நிமிடத்தில் பிரிந்து எண்ணெயாக மிதக்கிறது. மூன்று, பள்ளியில் செஃப் மாக்ஸ் புன்யார் சொல்லிக்கொடுத்த முட்டையில் அப்படி என்ன பெரிய விஷயம்? தேர்வில் ஜூலியா சறுக்கியது எதில்? கடைசியாக, பின்பாதி முழுக்கப் பதிப்பகக் கடிதப் போக்குவரத்துதான் என்கிறார்கள். தாண்டிப் போகலாமா?


வெண்ணெய்த்தாழி:

மீனிலிருந்தே தொடங்குங்கள். புத்தகம் தொடங்குகிற இடமும் அதுதானே.

‘முனியேர்’ என்றால் மாவு அரைக்கும் ஆலைக்காரரின் மனைவி. பெயரிலேயே மாவு இருக்கிறது. ஆனால் உங்கள் சிக்கலுக்குக் காரணம் மாவு இல்லை, ஈரம். மீனின் மேல் ஈரம் இருந்தால் மாவு அதைக் குடித்துப் பசையாகிவிடும். தவாவில் போட்டதும் அந்த ஈரம் ஆவியாகி, பசையைத் தோலிலிருந்து தூக்கிவிடும். கழன்று வருவது அதனால்தான். பிற்பாடு அவர் எழுதிய சமையல் நூலில் மாட்டிறைச்சி பூர்கின்யோனுக்கும் (ஒயினில் வேகவைக்கும் இறைச்சிக் குழம்பு) இதே விதியைத்தான் சொல்கிறார்: இறைச்சி ஈரமாக இருந்தால் சிவக்காது, துடைத்துவிட்டுப் போடுங்கள் என்று. நீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அங்கே நடப்பது அவியல்தான், வறுவல் இல்லை.

முழு சோல் மீன் என்றால் ஆளுக்கு ஒன்று, 350 முதல் 400 கிராம் போதும். நம்மிடையே நாக்கு மீன் என்று சொல்கிற தட்டை மீன் வகையோடு உருவத்தில் ஒத்தது. கருப்புத் தோலை மட்டும் உரிக்க வேண்டும். வாலருகே குறுக்காக ஒரு கீறல் போட்டு, தோல் நுனியை நகத்தால் கிளப்பி, விரலில் உப்பைத் தொட்டுக்கொண்டு (இல்லாவிட்டால் வழுக்கும்) தலைப்பக்கம் நோக்கி ஒரே இழுப்பு. வெள்ளைத் தோல் இருக்கட்டும், செதிலை மட்டும் சுரண்டுங்கள். ஓரச் சிறகைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், அதுதான் முதலில் கருகும்.

துணியால் ஒற்றித் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் போடுங்கள். மைதாவில் புரட்டுவது தவா சூடான பிறகுதான். புரட்டியதும் வாலைப் பிடித்து உதறுங்கள். மீன்மேல் மாவு ஒரு பவுடர் பூச்சு மாதிரி தெரிய வேண்டும், கெட்டியாகத் தெரியக்கூடாது. முன்கூட்டியே புரட்டித் தட்டில் அடுக்கி வைத்தால் ஐந்து நிமிடத்தில் மீனின் நீர் மாவுக்குள் ஏறிவிடும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

இனி வெண்ணெய். இந்த உணவுக்கு இரண்டு வெண்ணெய் வேண்டும் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வறுக்க ஒன்று, ஊற்ற ஒன்று. வறுப்பதற்குத் தெளிவாக்கிய வெண்ணெய். 250 கிராம் உப்பில்லாத வெண்ணெயை மிகச் சிறு தீயில் உருக்கி, மேல்நுரையை எடுத்துவிட்டு, அடியில் தங்கும் வெள்ளைக் கசண்டு வராமல் தெளிவை மட்டும் வடித்தால் 190 கிராம் அளவுக்குக் கிடைக்கும். கருகிக் கசப்பைத் தருவது அந்தக் கசண்டுதான். அதை எடுத்துவிட்டால் மீன் வறுக்கும் சூட்டைத் தாங்கும்.

30 செ.மீ. தவாவில் இந்தத் தெளிவு 3 மேசைக்கரண்டி. மாவு ஒரு சிட்டிகை போட்டால் உடனே பொரிய வேண்டும், அப்போது மீனை வையுங்கள். பரிமாறும்போது மேலே தெரிய வேண்டிய பக்கம் முதலில் கீழே. பிறகு நான்கு நிமிடம் அதைத் தொடாதீர்கள். தவாவை ஆட்டாதீர்கள், மூடாதீர்கள். ஓரம் பொன்னிறமாகி, தவாவை அசைத்தால் மீன் தானாக நகரும்போது அகலத் தோசைத் திருப்பியால் திருப்புங்கள். மறுபக்கம் இன்னொரு நான்கு நிமிடம். முள்ளெடுத்த மெல்லிய துண்டு என்றால் இதெல்லாம் கிடையாது, இரண்டு நிமிடம், ஒரு நிமிடம், அவ்வளவுதான்.

மீனைச் சூடான தட்டுக்கு மாற்றிவிட்டு, தவாவில் இருக்கும் கொழுப்பைக் கொட்டிவிடுங்கள். அதில் கருகிய மாவுத்துகள் கிடக்கும். தவாவைத் துடைத்து, புது வெண்ணெய் 40 கிராம், இந்த முறை கசண்டோடு. இப்போது காதைக் கொடுங்கள். முதலில் சடசடவென்று சத்தம் போடும், அது வெண்ணெயிலிருக்கும் நீர் போகிற சத்தம். சத்தம் அடங்கியதும் மெல்லிய நுரை பொங்கும், வாசனை பால் மாதிரி இருந்தது வறுத்த பருப்பு மாதிரி மாறும். சத்தம் அடங்கியதிலிருந்து கருகும்வரை அரை நிமிடம்கூட இருக்காது. மீன்மேல் அரை எலுமிச்சை பிழிந்து, நறுக்கிய பார்ஸ்லி தூவி, அந்த நுரையோடு ஊற்றுங்கள். பார்ஸ்லி ‘சுர்ர்’ என்று பொரிய வேண்டும். பொரியவில்லையா, வெண்ணெய் ஆறிவிட்டது.


கரண்டிக்கணக்கு:

முட்டைக்கு வருகிறேன்.

புன்யார் லண்டனில் புகழ்பெற்ற பிரெஞ்சு சமையல் மேதை எஸ்கோஃபியேவிடம் வேலை பார்த்தவர். அவருக்கு முட்டை சின்ன விஷயம் இல்லை. வகுப்பில் ஜூலியா தனக்குத் தெரிந்தபடி நுரைக்க அடித்து, பெரிய தீயில் கிண்டிக் காட்ட, அவர் நிறுத்தச் சொல்லி மறுபடி முதலிலிருந்து செய்துகாட்டுகிற காட்சி அது. நம் பொடிமாஸ் உதிரி உதிரியாக வர வேண்டும். இது அதற்கு நேர் எதிர், கெட்டித் தயிர் மாதிரி ஒட்டி வர வேண்டும்.

செய்முறை இவ்வளவுதான். நான்கு முட்டை, உப்பு, மிளகு, முள்கரண்டியால் அரை நிமிடம் மட்டும் கலக்குவது. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் போதும், நுரை வந்தால் அதிகம். தவாவின் அடியிலும் ஓரத்திலும் வெண்ணெயைத் தாராளமாகப் பூசி, முட்டையை ஊற்றி, சிறு தீயில் அடியை மெதுவாகச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நிமிடம் எதுவுமே நடக்காது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டத் தோன்றும், கூட்டினால் கெட்டது. பிறகு திடீரென்று அடியில் கெட்டிப்படும். அப்போதுதான் வேகமாகக் கிண்ட வேண்டும், தவாவை அடுப்பிலிருந்து தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே. நீங்கள் விரும்பும் பதத்துக்கு ஒரு படி முன்பே இறக்கி, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த வெண்ணெயோ க்ரீமோ சேருங்கள். சுவைக்காக மட்டும் சேர்ப்பது இல்லை, மேலே வேகாமல் நிறுத்துவதற்கும் அதுதான் வழி. இறக்கிய பிறகும் தவாவின் சூட்டில் முட்டை வெந்துகொண்டே இருக்கும். அதை மறந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு ரப்பராகும்.

தேர்வு விஷயம். 1951இல் ஜூலியாவிடம் கேட்டவற்றில் ஒன்று உஃப் மொல்லே. அது முழு ஓட்டோடு கொதிநீரில் 6 நிமிடம் வேகவைத்து, குளிர்நீரில் போட்டு உரித்த முட்டை. வெள்ளை நிற்கும், மஞ்சள் ஓடும். அவர் அதை ஓடுடைத்து நீரில் வேகவைக்கும் போஷே முட்டை என்று நினைத்துவிட்டார். இன்னொன்று கன்றிறைச்சித் துண்டு ‘அன் சுர்ப்ரீஸ்’. காகிதப் பொட்டலத்துக்குள் ஹாமும் காளான் மசியலும் வைத்து வேகவைப்பது. அவர் வெறுமனே வறுத்து வைத்தார். இரண்டுமே பள்ளி கொடுத்த சின்னக் கையேட்டில் இருந்தவை. கடினமான சாஸ்களை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தவர் அந்தத் தொடக்கநிலைக் கையேட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. பிறகு மறுதேர்வு எழுதித் தேறினார். பள்ளி நிர்வாகி மதாம் பிரசாருடன் இருந்த உரசலை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் தேர்வில் தோற்றதற்குத் தானேதான் காரணம் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களைக் கோபமும் வெட்கமும் கலந்து எழுதியிருப்பதுதான் எனக்குப் புத்தகத்திலேயே மிகப் பிடித்த இடம்.

முட்டையை முடித்துவிட்டால் அடுத்தபடி மயோனைஸ். குளிர்காலத்தில் அது சேராமல் போனபோது அவர் விடாமல் செய்துபார்த்து, இருவருக்கும் சாப்பிட்டு அலுத்துப்போய், சோதனை மயோனைஸைக் கழிவறையில் ஊற்றினார் என்று வருகிறது இல்லையா? அந்தச் சோதனையின் பலன் இதுதான்: கிண்ணத்தை வெந்நீரில் சூடாக்கித் துடைத்துக்கொள்ளுங்கள், முட்டை குளிர்பெட்டிக் குளிரோடு இருக்கக்கூடாது. மஞ்சளை மட்டும் முதலில் ஒன்றிரண்டு நிமிடம் பிசுக்கென்று ஆகும்வரை அடியுங்கள். பிறகு எண்ணெய் சொட்டுச் சொட்டாக. பால் க்ரீம் மாதிரி கெட்டிப்பட்ட பிறகுதான் தாரையாக ஊற்றலாம். ஒரு மஞ்சள் கருவுக்கு 120 மி.லி. எண்ணெய் என்றால் பயமில்லை, 180ஐத் தாண்டினால் நிற்காது. பச்சை முட்டை என்பதால் புதிதாக இருக்கட்டும், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.


மாலைவாசகி:

இருவருக்கும் நன்றி. தாழி சொன்ன தெளிவாக்கிய வெண்ணெய் என்பது நெய்தானே? நெய்யே ஊற்றினால் என்ன? அப்படியானால் பெர் பிளாங்குக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா?


வெண்ணெய்த்தாழி:

மீனுக்கு நெய் ஆகும். கருகாது. ஆனால் நெய்யில் கசண்டு சிவக்கும்வரை காய்ச்சுகிறோம், அதனால் அதற்கென்று ஒரு வாசனை உண்டு. அந்த மீனுக்கு அது சற்றுத் தூக்கல். தெளிவாக்கிய வெண்ணெயைக் கசண்டு சிவக்கும் முன்பே இறக்கிவிடுவார்கள்.

பெர் பிளாங்குக்கு நெய் வேண்டவே வேண்டாம். நன்றாகக் கேட்டீர்கள், இதைப் புரிந்துகொண்டால் உங்கள் சாஸ் பிரிகிற கதையும் முடிந்துவிடும்.

பெர் பிளாங் என்பது வெண்ணெயை உருக்கிய சாஸ் இல்லை. வெண்ணெயை உருக விடாமல், க்ரீமாக நிறுத்தி வைக்கிற சாஸ். பிரெஞ்சு வெண்ணெயில் கொழுப்பு 82 விழுக்காடாவது இருக்க வேண்டும், நீர் 16க்கு மேல் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். அந்த நீரும், பால் புரதமும், கொழுப்புத் துளியைச் சுற்றியிருக்கும் சவ்வுப் பொருள்களும்தான் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்து வைக்கின்றன. நெய்யில் இது மூன்றும் கிடையாது. மீனுக்கு எதை எடுத்து எறிந்தோமோ, சாஸுக்கு அதுவேதான் உயிர். ஒரே வெண்ணெய்தான், இரண்டு இடத்தில் நேர் எதிரான வேலை.

மேற்குப் பிரான்சின் நாந்த் நகர்ப் பக்கத்துச் சாஸ் இது. பாரிசில் லா மேர் மிஷேல் என்கிற சின்ன உணவகத்தின் அம்மாளிடம் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாக ஜூலியா எழுதுகிறார். அளவு: வெள்ளை ஒயின் வினிகர் 60 மி.லி., புளிப்பான வெள்ளை ஒயின் 60 மி.லி., மிகப் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பும் வெள்ளை மிளகும். ஸ்டீல் அல்லது எனாமல் பாத்திரத்தில் வையுங்கள். அலுமினியத்தில் புளிப்பு பட்டால் நிறம் கறுக்கும். ஒன்றரை மேசைக்கரண்டி மிஞ்சும்வரை வற்ற வேண்டும், பாத்திரத்தைச் சாய்த்தால் ஜாம் மாதிரி மெதுவாக நகரும். வற்றாமல் தண்ணீராக விட்டால் சாஸ் நீர்த்துப்போகும். ஒரேயடியாக வற்றிக் காய்ந்துவிட்டால் வெண்ணெய்க்குப் பிடிமானமே இருக்காது. அப்படி ஆனால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்பிலிருந்து இறக்கி, 220 கிராம் குளிர்ந்த வெண்ணெயைச் சிறு கட்டிகளாக வெட்டியதில் முதல் இரண்டு கட்டி. கம்பியால் விடாமல் அடியுங்கள். அது மறைந்து வெளுத்ததும் மிகச் சிறு தீயில் வைத்து, கட்டி கட்டியாகச் சேருங்கள். முந்தையது முழுதாகக் கரையும் முன்பே அடுத்தது போக வேண்டும். குளிர்ந்த கட்டி போய்க்கொண்டே இருப்பதால்தான் சூடு ஏறாமல் இருக்கிறது. உங்களுக்குக் கடைசி நிமிடத்தில் பிரிவது இதனால்தான்: கட்டிகள் தீர்ந்துவிட்டன, குளிர வைக்க எதுவும் இல்லை, அடியிலோ தீ எரிகிறது. கடைசிக் கட்டி போகும்போது பாத்திரம் அடுப்பில் இருக்கக்கூடாது.

இது நிற்கும் சூடு 50 டிகிரி சுற்றி. 58ஐத் தாண்டினால் கொழுப்பு ஒழுகத் தொடங்கும். வெப்பமானி இல்லாவிட்டால் பாத்திரத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள், கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அதிகம். ஓரத்தில் எண்ணெய்க் கோடு ஒன்று மினுங்கினால் அதுதான் எச்சரிக்கை. உடனே ஒரு குளிர்ந்த கட்டியைப் போட்டு அடித்தால் பிழைத்துக்கொள்ளும். முழுதாகப் பிரிந்தே விட்டதா? வேறு பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி க்ரீமைக் கொதிக்கவிட்டுச் சற்று வற்றவைத்து, இறக்கி, ஆறவைத்த அந்தப் பிரிந்த சாஸைக் கரண்டி கரண்டியாக அதில் சேர்த்து அடியுங்கள். சேரும். ஆனால் அதற்குப் பிறகு அது சுத்தமான பெர் பிளாங் இல்லை என்று நாந்த்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

பரிமாற அரை மணி ஆகும் என்றால் வெந்நீர் ஊற்றிக் கழுவிய ஃப்ளாஸ்கில் ஊற்றி வையுங்கள். ஆறிக் கட்டியான பெர் பிளாங்கை மறுபடி சூடாக்கினால் கட்டாயம் பிரியும்.


பக்கக்குறி:

சமையலில் இவர்கள் அளவுக்குத் தேர்ச்சி இல்லை என்றாலும் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். பின்பாதியைத் தாண்டாதீர்கள். மேலே இவர்கள் சொன்ன விதிகளெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்பது அங்கேதான் இருக்கிறது.

சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் அமெரிக்கர்களுக்காக ஒரு சமையல் நூலை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜூலியா சேர்ந்ததும் அது அடியோடு மாறியது. பிரான்சில் ‘ஒரு கைப்பிடி மாவு’ என்று சொன்னால் போதும். அமெரிக்காவில் இருக்கிறவருக்கு அந்த மாவே வேறு. பிரெஞ்சு மாவுக்குச் சரிவருகிற அளவு அமெரிக்க மாவுக்கு வராது. அதனால் அமெரிக்காவிலிருந்து பொருள்களை வரவழைத்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு செய்முறையையும் கார்பன் தாளில் படியெடுத்து, வெளியே காட்டக்கூடாது என்று குறிப்பெழுதி, அமெரிக்காவில் நம்பிக்கையான சிலருக்கு அனுப்பிச் சமைக்கச் சொன்னார்கள். எங்கே குழம்புகிறார்கள் என்று கடிதத்தில் தெரிந்துகொண்டு திருத்தினார்கள்.

அந்தச் சிலரில் முக்கியமானவர் ஏவிஸ் டிவோட்டோ. நட்பு தொடங்கியது ஒரு கத்தியால். அமெரிக்க ஸ்டெயின்லெஸ் கத்திகள் கூர் நிற்பதில்லை என்று அவருடைய கணவர் பெர்னார்ட் டிவோட்டோ பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு, ஜூலியா பிரான்சிலிருந்து கார்பன் எஃகில் செய்த சின்னக் கத்தி ஒன்றை அனுப்பினார். பதில் எழுதியது ஏவிஸ். ஆண்டு 1952. நேரில் பார்ப்பதற்கு முன்பே இருவருக்கும் இடையே கடிதங்கள் குவிந்துவிட்டன. (கார்பன் எஃகுக் கத்தி வாங்கினால் எலுமிச்சை நறுக்கியதும் துடைத்துவிடுங்கள், ஈரத்தோடு வைத்தால் ஒரே இரவில் துரு.)

பதிப்பகக் கதை சலிப்பு என்பவர்கள் எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. 1958இல் ஹூட்டன் மிஃப்ளின் பதிப்பகத்துக்குக் கொடுத்தது எழுநூறு பக்கத்துக்கு மேல், அதில் இருந்தது சாஸும் கோழி வாத்தும் மட்டும்! மறுத்தார்கள். சுருக்கித் திருத்திக் கொடுத்ததையும் 1959இல் மறுத்தார்கள். பிறகு க்னாஃப் பதிப்பகத்தில் பதிப்பாசிரியர் ஜூடித் ஜோன்ஸ் கைக்குப் போனது. அவர் வீட்டிலேயே சமைத்துப் பார்த்து ஏற்றுக்கொள்ள, 1961 அக்டோபரில் ‘மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் ஃப்ரெஞ்ச் குக்கிங்’ வெளிவந்தது. முதல் பக்கத்து மீனுக்கும் இதற்கும் இடையில் 13 ஆண்டு. இந்தக் காலத்தில் கணவர் போல் சைல்டின் அரசுப் பணி மாற்றத்தால் பாரிஸ், மார்செய், பான், ஆஸ்லோ என்று ஊர் ஊராகப் பெட்டி கட்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இது அன்றன்றைக்கு எழுதிய நாட்குறிப்பு இல்லை. போலின் சகோதரர் வழிப் பேரன் அலெக்ஸ் ப்ருடோம், ஜூலியாவின் கடைசி மாதங்களில் உட்கார்ந்து கேட்டு, அவரும் போலும் அந்நாளில் போலின் இரட்டைச் சகோதரருக்கு எழுதிய கடிதங்களைச் சேர்த்துக் கோத்தது. இருவர் குரலையும் சில இடங்களில் கலந்திருப்பதாக முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். ஜூலியா 2004 ஆகஸ்டில், 92ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு இறந்தார். புத்தகம் வந்தது 2006இல். அரை நூற்றாண்டுக்கு முந்தைய தட்டில் என்ன இருந்தது என்று இத்தனை துல்லியமாக வருவதற்குக் காரணம் நினைவாற்றல் மட்டும் இல்லை, அந்தக் கடிதங்கள். படங்களும் போல் எடுத்தவை, அவசரமாகப் புரட்டாதீர்கள்.


ரொட்டிக்கல்:

பின்பாதியில் ரொட்டி இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்களே!

1970இல் வந்த ‘மாஸ்டரிங்’ நூலின் இரண்டாம் தொகுதிக்காக, வீட்டு அடுப்பில் பிரெஞ்சு ரொட்டி செய்ய முடியுமா என்று ஜூலியாவும் போலும் இரண்டு ஆண்டு மல்லுக்கட்டி 284 பவுண்டு மாவைத் தீர்த்தார்கள். ஏறத்தாழ 129 கிலோ. கடைசியில் பாரிசில் ரொட்டி செய்யக் கற்றுத்தரும் பேராசிரியர் ரேமோன் கல்வெலிடம் போய் நின்றபோதுதான் அதுவரை செய்ததெல்லாம் தப்பு என்று தெரிந்தது. மாவு கையில் ஒட்டுகிற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும், மெதுவாகப் பொங்க வேண்டும், உருட்டும்போது மேல்தோல் இறுக்கமாக இழுபட வேண்டும். மூன்றும் புதுப்பாடம்.

450 கிராம் மைதாவுக்கு 300 மி.லி. சுற்றி நீர், 9 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட். 21 டிகிரி அறையில் மூன்று மடங்காகும்வரை, எப்படியும் மூன்று மணிக்கு மேல். மடித்து மறுபடி ஒன்றரை மணி. வடிவம் கொடுத்து இன்னொரு ஒன்றரை மணி. வெப்பமான மூலையில் வைத்து ஒரு மணியில் பொங்கவைத்தால் உயரும், ஆனால் உள்ளே ருசி இராது. கீறலுக்கு பிளேடைச் செங்குத்தாகப் பிடிக்காதீர்கள், தோலை உரிக்கிற மாதிரி படுக்கவைத்துப் போடுங்கள்.

அடுப்பு 230 டிகிரி, 25 நிமிடம். வீட்டு அடுப்பில் இல்லாதது இரண்டு: அடியில் சுடுகல், உள்ளே ஆவி. முதல் சில நிமிடம் ஆவி இருந்தால் மேல்தோல் இளகி நிற்கும், ரொட்டி விரியும், மேல் மாவுச்சத்து பசையாகிப் பளபளப்பான மொறுமொறுப்பு வரும். ஆவி இல்லாவிட்டால் தோல் முதலிலேயே இறுகி, விரிய இடமில்லாமல் பக்கவாட்டில் வெடிக்கும். அவர்கள் கண்ட வழி, தண்ணீர்த் தட்டில் பழுக்கக் காய்ச்சிய கல்லைப் போடுவது. தட்டை ரொட்டிக்குக் கீழ்த்தட்டில் வைத்து, கதவின் கண்ணாடிமேல் நீர் தெறிக்காமல் பாருங்கள், விரிசல் விடும்.

சுடுகல்லாக அவர்கள் முதலில் சொன்னது ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. அதன் ஆபத்து தெரிந்ததும் அந்த யோசனை கைவிடப்பட்டது. பழைய பதிப்பு கையில் இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். மேற்பூச்சில்லாத களிமண் ஓடு போதும், அரை மணி முன்பே உள்ளே வைத்துச் சூடாக்க வேண்டும்.


கரண்டிக்கணக்கு:

மார்செய் அத்தியாயத்தில் பூயாபேஸ் மீன்சாறு பற்றி ஒரு இடம் வரும். தக்காளி போட்டால் அது பூயாபேஸே இல்லை என்று ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஜூலியா வீட்டுக்கு வந்து புரோவான்ஸ் சமையலுக்கு ஆதாரமாகக் கருதப்படும் ரெபூல் நூலைப் புரட்டினால் தக்காளி இருக்கிறது. ‘நாங்கள் எப்போதும் இப்படித்தான்’ என்று யார் சொன்னாலும் ஏட்டைப் புரட்டியும் அடுப்பில் வைத்தும் பார்த்துவிடுவது அவர் குணம்.

இன்னொரு சின்ன விஷயம். அவர் உயரம் ஆறடி இரண்டங்குலம். பாரிஸ் வீட்டுச் சமையல் மேடை அவருக்கு மிகத் தாழ்வு. பின்னாளில் அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் வீட்டில் போல் மேடையை வழக்கமான 36 அங்குலத்திலிருந்து 38ஆக உயர்த்திக் கட்டினார். இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது அந்தச் சமையலறைதான். பெர் பிளாங் அடித்துத் தோள் வலிக்கிறது என்றால் மேடை உயரத்தையும் பாருங்கள். முழங்கை மட்டத்திலிருந்து 10, 15 செ.மீ. கீழே இருந்தால் சரி.


மாலைவாசகி:

முட்டை இன்று காலை ஆயிற்று. மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காமல் இருந்ததைத் தாங்குவதுதான் கஷ்டம். மாலை மீன். தட்டில் வைத்த முழு மீனை முள்ளில்லாமல் எடுப்பது எப்படி என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.


வெண்ணெய்த்தாழி:

கத்தி வேண்டாம், இரண்டு கரண்டி போதும். நடுவே தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு தெரியும், முதுகெலும்பு அதன் கீழேதான். கரண்டி ஓரத்தால் அந்தக் கோட்டை அழுத்தித் திறந்து, மேல்சதையை இரண்டு பக்கமும் வெளியே தள்ளுங்கள், வெந்திருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். வால்பக்கம் எலும்பின் கீழே கரண்டியை நுழைத்துத் தூக்கினால் முழு எலும்பும் சீப்பு மாதிரி ஒன்றாக வந்துவிடும். அடியில் இன்னும் இரண்டு சதைத்துண்டு இருக்கும். எலும்பு வர மறுத்து, அருகே சதை இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு நிமிடம் தவாவில் கிடக்க வேண்டும். ஓரத்துச் சிறுமுள் வரிசையைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, தட்டில் தேங்கிய வெண்ணெயை மறுபடி மேலே ஊற்றிக்கொள்ளுங்கள்.